காளான் பொடிக்குப் பத்தியம்

அசதி எப்போது வந்தது என்று கேட்டால் தெய்வநாயகியால் நாள் சொல்ல முடியாது. காய்ச்சல் வந்த நாள் நினைவிருக்கும். மகள் மைதிலி பிறந்த நாள் நினைவிருக்கும். அசதி அப்படி ஒரு நாளில் வரவில்லை. மூலையில் ஒட்டடை சேர்வதுபோல, பார்க்கப் பார்க்கவே கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்தது. ஒரு காலத்தில் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே நடந்தவள், பிறகு பேசாமல் நடந்தாள், பிறகு நடுவழியில் இறக்கி வைத்து எடுத்தாள். நாற்பத்து நாலு வயதில், கொட்டகையின் ஒரே ஒரு படியை ஏறுவதற்குக் கதவு நிலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தக் கொட்டகை தீர்த்தகிரியுடையது. ஜலகண்டாபுரத்தைத் தாண்டி மேட்டூர் போகும் வழியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே எட்டு விசைத்தறிகள். துண்டு நெய்கிற தறிகள். நாலு தறி தெய்வநாயகிக்கு, நாலு சாலம்மாளுக்கு. காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை நாலு தறிக்கும் நடுவே நடந்துகொண்டே இருக்க வேண்டும். குறுக்கே ஓடும் நாடாவுக்குள் நூல் சுற்றி வைத்திருக்கும் தார் தீர்ந்தால் புதுத் தார் மாற்ற வேண்டும். நீளவாக்கில் இழுத்த பாவில் இழை அறுந்தால் பிணைக்க வேண்டும். ஒன்றைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் இன்னொன்று நின்றிருக்கும். உட்கார ஒரு முக்காலி உண்டு. அதன்மேல் தார்க் கூடைதான் எப்போதும் உட்கார்ந்திருக்கும்.

இரவு எட்டு மணிக்கு அதே நாலு தறியை அவள் கணவன் அங்கமுத்து வாங்கிக்கொள்வான். காலை எட்டுக்குத் திரும்ப அவளிடம் கொடுப்பான். இருபத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் அவர்கள் பேசிய பேச்சில் பெரும்பகுதி இந்தக் கைமாற்றும் ஐந்து நிமிடத்தில் பேசியதுதான்.

"மூணாவது தறி நாடா அடிக்குது, பாத்துக்க."

"சரி. சோத்துல தண்ணி ஊத்தி வெச்சிருக்கறேன்."

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அப்படித்தான் முடிவாயிற்று. மூன்றாவது தறிக்கும் நாலாவது தறிக்கும் நடுவில் நின்றுகொண்டு.

அவள் பிறந்தது வாழப்பாடிப் பக்கம். அங்கே 'வூடு' என்பார்கள், இங்கே 'ஊடு'. கல்யாணமாகி வந்த புதிதில் அந்த 'வ'வைத் தொலைக்க இரண்டு வருடம் ஆயிற்று. சாலம்மாள் அப்போதே இங்கே தறி ஓட்டிக்கொண்டிருந்தாள். "வாய்ல வெத்தலையா வெச்சிருக்கற? வூடு வூடுங்கற" என்று கேலி செய்வாள். இப்போது தெய்வநாயகி இந்த ஊர்க்காரியாகவே பேசுகிறாள். மிகவும் களைத்துப்போன நாளில் மட்டும் பழைய 'வூடு' வாயில் வந்துவிடும். சாலம்மாள் உடனே, "இன்னிக்கு இவ ரொம்ப ஓஞ்சுட்டாடோய்" என்பாள்.

முன்பெல்லாம் கரண்ட் போகும். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. எல்லோரும் திட்டுவார்கள், தெய்வநாயகியும் கூடச் சேர்ந்து திட்டுவாள். ஆனால் தறிகள் நின்ற அந்த நிமிடத்தில் அப்படியே தரையில் கால் நீட்டி உட்கார்ந்துவிடுவாள். யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. பிறகு கரண்ட் நிலையாக வர ஆரம்பித்தது. ஊருக்கெல்லாம் நல்லது. அவளுக்குத்தான் உட்காரக் காரணம் இல்லாமல் போயிற்று. இப்போது மாதம் ஒரு நாள், பராமரிப்புக்கு என்று நிறுத்துகிறார்களே, அது ஒன்றுதான்.

ஒரு தனியார் டாக்டரிடம் போய்த் தெம்பு ஊசி போட்டுக்கொண்டாள். இரண்டு நாள் தெம்பாக இருந்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் படி பழையபடி உயரமாகிவிட்டது.

அப்படிக் கரண்ட் நிறுத்திய ஒரு மாசி மாதச் சனிக்கிழமை காலையில்தான் சரிதா வந்தாள். ஸ்கூட்டியின் முன்னால் ஒரு பெரிய அட்டைப்பெட்டி, கழுத்தில் அடையாள அட்டை, துப்பட்டாவை முகத்தில் சுற்றி வெயிலுக்குக் கண் மட்டும் தெரிந்தது. கொட்டகை வாசலில் வேப்பமர நிழலில் தெய்வநாயகியும் சாலம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். தீர்த்தகிரி கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"என்ன கண்ணு, சோப்பா?" என்றாள் சாலம்மாள்.

"சோப்பு இல்லீங்க்கா. ஆரோக்கிய பானம். கோகோவும் மருத்துவக் காளானும் சேர்ந்த பொடி. சுடுதண்ணியில கலக்கிக் குடிக்கோணும்."

"காளானா? மழைக்குப் புத்துமேல மொளைக்குமே, அதா?"

"அது இல்லீங்க. இது மரத்துல மொளைக்கறது. கட்ட மாதிரி கெட்டியா இருக்கும். கடிச்சுத் திங்க முடியாது, பொடி பண்ணித்தான் குடிக்க முடியும்."

"மரத்துல மொளைச்சத எல்லாம் எதுக்குச் சாமி திங்கோணும்?" என்று கட்டிலில் இருந்து குரல் வந்தது.

சரிதா தகர டப்பா ஒன்றை எடுத்து நீட்டினாள். பழுப்பு நிறத்தில் விசிறிபோல் விரிந்த ஒரு காளான், பக்கத்தில் ஆவி பறக்கும் கோப்பை. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. மனப்பாடம் செய்ததை அவள் ஒப்பித்தாள். நோய் எதிர்ப்புச் சக்தி கூடும், நல்ல தூக்கம் வரும், இதயத்துக்கு நல்லது, முட்டி வலி குறையும், சோர்வு நீங்கும்.

"சோர்வுன்னா அசதிதான?" என்றாள் தெய்வநாயகி.

"ஆமாங்க்கா, அதேதான்."

"இத்தன நோவுக்கும் ஒரே பொடியா? அப்ப பத்தியம் பலமா இருக்குமே?"

சரிதாவின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்குச் சீட்டிலேயே பதில் இருந்தது. "பத்தியமே இல்லீங்க்கா! என்ன வேணாலும் சாப்பிடலாம். பக்க விளைவு ஒண்ணும் கிடையாது."

சாலம்மாள் சிரித்துவிட்டாள். "பத்தியம் இல்லாத மருந்தா? அப்ப அது மருந்து இல்ல கண்ணு, பலகாரம்."

தீர்த்தகிரி எழுந்தே உட்கார்ந்துவிட்டார். பத்தியம் என்ற பேச்சை எடுத்தால் அவருக்குத் தூக்கம் போய்விடும். இருபத்திரண்டு வயதில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்ததையும், கீழாநெல்லி அரைத்துக் குடித்து உப்பில்லாத பத்தியம் இருந்ததையும், நாற்பதாம் நாள் தாரமங்கலம் தேருக்குப் போன இடத்தில் ஆசைப்பட்டு ஒரே ஒரு போண்டா தின்றதையும் கொட்டகைக்கு வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் கேட்டாக வேண்டும்.

"ஒரு போண்டா, சாமி. அரைப் போண்டாகூட உள்ள எறங்கல. மறுநாளே கண்ணு மஞ்சளாப் போச்சு. எங்கம்மா அடிச்சா பாரு! நாப்பது நாளும் போச்சு, மறுபடியும் ஒண்ணுல இருந்து ஆரம்பி, ஒரு மண்டலம்னா ஒரு மண்டலம்னு உப்பில்லாக் கஞ்சிய ஊத்துனா. பத்தியத்த முறிச்சவனுக்குத்தான் அதோட அருமை தெரியும். பத்தியம் இல்லைங்கறியே, உன்ற பொடிய எவன் நம்புவான்?"

சரிதா டப்பாவை மெல்லப் பெட்டிக்குள் வைக்கப் போனாள். காலையிலிருந்து ஒன்றும் விற்கவில்லை என்பது அவள் கை போன விதத்திலேயே தெரிந்தது. பாதியில் நிறுத்தினாள்.

"இருக்குதுங்க" என்றாள். "பத்தியம் இருக்குது. எல்லாருக்கும் சொல்றதில்ல. கடைப்பிடிக்க மாட்டாங்கன்னுதான்."

சொல்வதற்கு முன்னால் அந்தப் பெண் ஒருமுறை வாயை மூடித் திறந்தாள். தெய்வநாயகி அதைப் பார்த்தாள். பார்த்ததைத் தன்னோடு வைத்துக்கொண்டாள்.

"என்ன பத்தியம்?"

"மத்தியானம் சாப்பிட்ட பொறகு குடிக்கோணும். குடிச்ச உடனே..." சரிதா கொட்டகைக்குள் பார்த்தாள், நின்றுபோன தறிகளைப் பார்த்தாள், தெய்வநாயகியின் காலைப் பார்த்தாள். "குடிச்ச உடனே அரை மணி நேரம் படுக்கோணும். எடது பக்கமா ஒருக்களிச்சு. எந்திரிக்கக் கூடாது. அப்பறம், சாப்பாட்டோட டீ கூடாது. முன்ன ஒரு மணி நேரம், பின்ன ஒரு மணி நேரம்."

"எத்தன நாளைக்கு?" என்றார் தீர்த்தகிரி.

"ஒரு மண்டலங்க. நாப்பத்தெட்டு நாளு."

"அப்படிச் சொல்லு" என்று அவர் திருப்தியாகச் சாய்ந்துகொண்டார்.

விலையைக் கேட்டதும் சாலம்மாள் வாயில் கை வைத்தாள். தெய்வநாயகி டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தீர்த்தகிரியைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, அரை மணி நேரம் படுத்தா நாலு தறியும் நிக்குமே?"

இதே தெய்வநாயகி போன மாதம், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரட்டுமா என்று கேட்டபோது, அவர் "உக்காரத்தான் ஞாயித்துக்கிழமை இருக்குதே" என்றவர். இப்போது தாடையைத் தடவினார்.

"நிக்காது. நான் பாத்துக்கறேன். ஒருத்தரோட பத்தியத்த முறிச்ச பாவம் எனக்கெதுக்கு?"

அன்று மத்தியானம் கரண்ட் வந்து தறிகள் ஓடத் தொடங்கிய பிறகு, துணி மடிக்கும் அறையில், கழிவு நூல் அடைத்த சாக்கின்மேல் தலை வைத்து, தெய்வநாயகி இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள். பகலில் இப்படிப் படுப்பது, மைதிலியைப் பெற்றெடுத்த பிறகு இதுதான் முதல் தடவை.

முதல் நாலைந்து நாள் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் தறிகள் காதுக்குள் வந்து நின்றன. மூன்றாவது தறியின் சத்தம் மாறினால் கால் தானாக அசைந்தது. "தார் தீந்து போச்சுங்கண்ணா!" என்று படுத்தபடியே கத்துவாள். "பேசக் கூடாது, படு!" என்று அவர் திரும்பக் கத்துவார். அவருக்குத் தார் மாற்றுவது கை மறந்த வேலை. நாடாவை எடுக்கத் தடுமாறுவார், நூல் முனையைத் தேடுவார். பக்கத்துத் தறியில் இருந்து சாலம்மாள், "மொதலாளி, அந்தத் தறிக்குக் கண்ணாடி போட்டுப் பாருங்க" என்று கிண்டலடிப்பாள்.

பொடி ஒன்றும் பிரமாதமான ருசி இல்லை. கோகோ என்றால் சாக்லேட் மாதிரி இருக்கும் என்று நினைத்தாள். கருகின ராகிக் களியின் அடியைச் சுரண்டிக் கரைத்த மாதிரி இருந்தது. மேலே இனிப்பு, அடியில் கசப்பு. கசந்ததால் அதன்மேல் சாலம்மாளுக்குக்கூட மரியாதை வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தறி ஓடாது. அன்று வீட்டில் படுப்பாள். அங்கமுத்து வாசலில் உட்கார்ந்து கோழிகளை விரட்டுவான். கேபிள்காரன் வந்து கதவைத் தட்டியபோது, "பத்தியத்துல இருக்கறா, சாயங்காலம் வா" என்று திருப்பி அனுப்பினான். என்றைக்காவது அவள் களைத்துப் படுத்திருந்தால், உடம்புக்கு என்ன என்று கேட்டிருப்பானே தவிர, கோழியை விரட்டியிருக்க மாட்டான். அவன் கெட்டவன் இல்லை. அசதி என்று ஒன்று இருப்பது அவனுக்கும் தெரியும். தன்னுடையதையும் அவன் யாரிடமும் சொல்லாமல்தான் வைத்திருந்தான்.

இருபதாம் நாள் வாக்கில் தெய்வநாயகி கொட்டகைப் படியைக் கதவு நிலையைப் பிடிக்காமல் ஏறினாள். ஏறிய பிறகுதான் கவனித்தாள். இறங்கி இன்னொரு தடவை ஏறிப் பார்த்தாள்.

முப்பதாம் நாளோடு டப்பா தீர்ந்தது. சரிதா கொடுத்த கரண்டியால் முப்பது கரண்டிதான் அதில். இன்னொரு டப்பா வாங்கவில்லை. அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்று யோசித்தவள், கருப்பட்டியைத் தட்டிப்போட்டு, கொஞ்சம் சுக்கும் சேர்த்துக் கொதிக்க வைத்து, பொடி கலக்கிக் கொண்டுபோன அதே தூக்குப்போசியில் ஊற்றி எடுத்துப் போனாள். நிறம் ஏறக்குறைய அதேதான். முப்பத்தொன்றாம் நாள் அதைக் குடித்துவிட்டு இடது பக்கமாகப் படுத்தாள். சாலம்மாள் மட்டும் மோந்து பார்த்துவிட்டு, "காளானுக்குச் சுக்கு வாசம் வந்துருச்சா?" என்றாள். "பொடி கடைசில அப்படித்தான் இருக்கும்" என்றாள் தெய்வநாயகி. சாலம்மாள் சிரித்துக்கொண்டே தன் தறிக்குப் போனாள்.

ஆனால் தீர்த்தகிரி நாள் எண்ணிக்கொண்டிருந்தார். கொட்டகைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில், கிழிக்கும் தாள்களின் மூலையில் முன்கூட்டியே எண் எழுதி வைத்திருந்தார். காலையில் தாளைக் கிழிக்கும்போது சத்தமாகச் சொல்வார். "இன்னிக்கு நாப்பத்தி நாலு." அவர் சந்தோசமாகச் சொன்னார். ஒருவருடைய பத்தியம் தன் கொட்டகையில் போண்டா இல்லாமல் முடியப் போகிற சந்தோசம். தெய்வநாயகிக்கு அந்த எண்ணைக் கேட்கும்போதெல்லாம் படி ஒரு விரற்கடை உயர்ந்தது. நாற்பத்தெட்டுக்குப் பிறகு என்ன என்று அவள் கேட்கவில்லை. பதில் தெரிந்த கேள்வி. பத்தியம் முடிந்தவள் தறிக்குப் போக வேண்டியதுதான்.

நாற்பத்தாறாம் நாள், செவ்வாய்க்கிழமை, அவள் படுத்திருக்கும் நேரத்தில் சரிதா வந்தாள். இந்தத் தடவை பெட்டி இல்லை. கையில் செல்போனும் ஒரு சின்ன மைக்கும் இருந்தன. கம்பெனியில் பயன் பெற்றவர்களை வீடியோ எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"எப்படியிருக்கீங்க்கா?"

"படி ஏறறேன்" என்றாள் தெய்வநாயகி.

சரிதாவுக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. சாக்கு மூட்டையை நகர்த்தி எதிரே உட்கார்ந்து, செல்போனை நிமிர்த்திப் பிடித்தாள். "சொல்லுங்க்கா. உங்க பேரு, உங்களுக்கு என்ன பிரச்சினை இருந்துச்சு, இப்ப எப்படி இருக்குது."

தெய்வநாயகி படுத்தபடியே முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "என்ற பேரு தெய்வநாயகிங்க. இருபத்தஞ்சு வருசமாத் தறி ஓட்டறேன். ரொம்ப அசதியா இருந்துச்சுங்க. நாப்பத்தாறு நாளா மத்தியானம் அரை மணி நேரம் படுக்கறேனுங்க. இப்ப அசதி கொறஞ்சிருக்குதுங்க."

"டப்பாவப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்க்கா."

"டப்பா நல்ல டப்பாங்க. தகரம் கெட்டி. கொத்தமல்லி போட்டு வெச்சிருக்கறேன்."

சரிதா செல்போனைக் கீழே இறக்கினாள்.

"கொத்தமல்லியா? அப்ப பொடி?"

"அது முப்பது நாளுலயே தீந்து போச்சு கண்ணு. இப்பக் குடிக்கறது கருப்பட்டித் தண்ணி. மொதலாளிகிட்டச் சொல்லிராத."

அடுத்த அறையில் தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. தீர்த்தகிரி சாலம்மாளிடம் ஏதோ கத்துவது கேட்டது. சரிதா வெகுநேரம் மைக்கின் ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"பத்தியம் நானாச் சொன்னதுங்க்கா" என்றாள் கடைசியில். "அப்படி ஒண்ணு கிடையாது. டீ கூடாதுன்னதுகூட, டீக்குப் பதிலா எங்க பொடியக் குடிக்கட்டும்னு கம்பெனியில சொல்லித் தந்ததுதான். எடது பக்கம்னது, எங்கண்ணி மாசமா இருந்தப்ப யாரோ சொன்னாங்க."

"தெரியும்."

"தெரியுமா?"

"நீ வாய மூடித் தெறந்தியே, அப்பவே."

"தெரிஞ்சுமா வாங்குனீங்க?"

"நான் படுக்கறத வாங்குனேன்" என்றாள் தெய்வநாயகி.

சரிதா கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தவள். அவள் அப்பா கல் உடைக்கிறவர். அந்த வீட்டில் முதலில் பட்டம் வாங்கியது அவள்தான். இரண்டு வருடம் வேலை தேடி, பரீட்சைகள் எழுதி, கடைசியில் இந்த ஸ்கூட்டியில் ஏறியிருந்தாள். அதையெல்லாம் அவள் அன்றைக்குத்தான் சொன்னாள். "காளானுக்குன்னு ஒரு பாடமே படிச்சேனுங்க்கா."

"படிச்சு?"

"வித்துக்கிட்டு இருக்கறேன்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே தீர்ந்துபோயிற்று.

"பொடி பொய்யின்னு சொல்ல மாட்டேனுங்க்கா. கோகோவுல சத்து இருக்குது. அந்தக் காளானப் பத்தி ஆராய்ச்சியும் நடக்குது. ஆனா அசதிய ஆத்தும்னு உறுதியாச் சொல்ற அளவுக்கு இன்னும் ஒண்ணும் இல்ல. இந்த டப்பாவுல காளானே ஒரு சிட்டிகைதான், பாதிக்கு மேல சக்கரை. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க." அவள் தெய்வநாயகியின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். "வெளுப்பா இருக்குது. ரத்தம் இல்லைன்னாலும் இப்படித்தான் அசதி வரும். டீ அதிகமாக் குடிச்சா சாப்பாட்டுல இருக்கற இரும்புச் சத்து ஒடம்புல சேராது. நீங்க டீய விட்டதும் படுத்ததும்தான் ஒத்தாசை பண்ணியிருக்கும்னு தோணுது. நாளைக்குப் புதன்கிழமை, அங்கன்வாடிக்கு நர்சம்மா வருவாங்க. விரல்ல குத்திப் பாத்துருவாங்க. நானும் வாரேன்."

"நாளைக்கு எப்பப் போறது? இந்த அரை மணி நேரந்தான் இருக்குது."

"இந்த நேரத்துலதான் போகோணும்."

தெய்வநாயகி மனதுக்குள் கணக்குப் போட்டாள். இன்னும் இரண்டே இரண்டு படுக்கைதான் மிச்சம். அதில் ஒன்றைக் கேட்கிறாள் இந்தப் பெண்.

மறுநாள் அவள் கருப்பட்டித் தண்ணீரைக் குடித்துவிட்டு, மடிக்கும் அறையின் பின்கதவு வழியாக வெளியே போனாள். இரண்டு தெரு தள்ளி அங்கன்வாடி. சரிதா அங்கே காத்திருந்தாள். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டு முடித்த நர்சம்மா விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்தாள். இயந்திரத்தில் எண் வந்தது. எட்டு புள்ளி நாலு.

"பன்னெண்டு இருக்கோணும்மா. எட்டரைய வெச்சுக்கிட்டுத் தறி ஓட்டறியா?" என்று கேட்டாள் நர்சம்மா. தீட்டு எத்தனை நாள் போகிறது என்று கேட்டாள். ஏழெட்டு நாள் என்றதும் எழுதிக்கொண்டாள். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தாள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரைப் பார்க்கச் சீட்டும் கொடுத்தாள். "மாத்திரைய டீயோட போடக் கூடாது. முன்ன ஒரு மணி நேரம், பின்ன ஒரு மணி நேரம்."

தெய்வநாயகி சரிதாவைப் பார்த்தாள். சரிதா தரையைப் பார்த்தாள்.

"படுக்கோணுங்களா?" என்று கேட்டாள் தெய்வநாயகி.

"ஓய்வு எடுத்தா நல்லதுதான், எடு."

"அத எழுதித் தர மாட்டீங்களா?"

"ஓய்வெடுன்னு எல்லாருக்கும் எழுதினா எனக்கு நோட்டே பத்தாதும்மா" என்று நர்சம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வெளியே வந்ததும் சரிதா, "நான் எழுதறேனுங்க்கா" என்றாள். கைப்பையில் இருந்து ஒரு நோட்டை எடுத்து, அங்கன்வாடிச் சுவரில் வைத்து எழுதினாள். அடித்தாள், திரும்ப எழுதினாள். கிழித்து வாசித்துக் காட்டினாள். 'தெய்வநாயகி அவர்களுக்கு ரத்தசோகை உள்ளது. தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு டீ குடிக்கக் கூடாது. மதியம் அரை மணி நேரம் படுத்து ஓய்வெடுப்பது நல்லது.' கீழே பெயரும், பெயருக்குப் பக்கத்தில் பி.எஸ்சி. என்றும் போட்டாள். அந்த எழுத்துகளைப் போடும்போது கொஞ்சம் தயங்கினாள்.

"இதுல பொய் ஒண்ணுமில்லியே?"

"ஒண்ணுமில்லீங்க்கா."

"அப்ப அவரு ஒத்துக்குவாரா?" என்று தெய்வநாயகி கேட்டாள்.

வியாழக்கிழமை காலை, அங்கமுத்து தறியைக் கைமாற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தபோதே சரிதா வந்துவிட்டாள். தீர்த்தகிரி நாட்காட்டித் தாளில் கை வைத்து, "இன்னிக்கு நாப்பத்தெட்டு! பத்தியம் முடியுது அம்மணி" என்றார். தெய்வநாயகி சீட்டை நீட்டினாள். அவர் வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"இதுல காளானே இல்லியே?"

"இது காளானுக்கு இல்லீங்க" என்றாள் சரிதா. "அக்காவுக்கு ரத்தம் கம்மியா இருக்குது. எட்டு புள்ளி நாலு."

"மாத்திரை சாப்பிடட்டும். யாரு வேண்டாங்கறா? ஆனா 'நல்லது'ன்னு போட்டிருக்கறியே கண்ணு. படுக்கறது எனக்குந்தான் நல்லது. இது பத்தியம் இல்ல, ரோசனை. ரோசனைக்கெல்லாம் தறிய நிறுத்துனா நான் துண்டு விரிச்சு உக்கார வேண்டியதுதான்." சீட்டை மடித்துச் சரிதாவிடம் திருப்பிக் கொடுத்தார். கோபமாகப் பேசவில்லை.

தெய்வநாயகி தறிப் பக்கம் திரும்பினாள். மூன்றாவது தறியில் ஒரு இழை அறுந்திருந்தது. குனிந்து பிணைக்கப் போனபோது கண்ணுக்கு முன் ஒரு இருட்டு வந்து போயிற்று.

"சரிம்மா, இந்த ரத்தம் எப்பப் பாத்தீங்க?" என்று பின்னால் இருந்து தீர்த்தகிரி கேட்டார். பேச்சுக்குத்தான் கேட்டார்.

"நேத்து மத்தியானம். அங்கன்வாடில" என்றாள் அவள், நிமிராமல்.

"மத்தியானமா?"

"ஆமாங்க."

"படுக்கலியா?"

அவள் நிமிர்ந்தாள். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். போண்டா கதையில் அம்மா அடித்த இடம் வரும்போது வருகிற முகம்.

"நாப்பத்தேழாம் நாளா? குடிச்சுட்டுப் படுக்காம, தெருவுல நடந்து போனியா?" தீர்த்தகிரி தலையில் கை வைத்துக்கொண்டார். "அட என்ன காரியம் பண்ணிப் போட்ட சாமி! இன்னும் ஒரு நாள்! ஒரே ஒரு நாள்! அங்கமுத்து, நீயாவது சொல்லக் கூடாதா?"

அங்கமுத்து தூக்கக் கலக்கத்தில், "நான் தூங்கிக்கிட்டு இருந்தனுங்க" என்றான்.

"முறிஞ்சு போச்சு" என்றார் அவர். "நாப்பத்தேழும் போச்சு. இப்ப என்ன பண்றது தெரியுமில்ல?"

"தெரியலீங்களே" என்றாள் தெய்வநாயகி.

"ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கோணும்! வேற வழி? முறிஞ்ச பத்தியத்த அப்படியே உட்டா நோவு ஒடம்புக்குள்ள திரும்பிக்கும். எனக்குத் தெரியாதா?" அவர் சரிதாவைப் பார்த்தார். "ஏம்மா, நீதான சொன்ன பத்தியம்? நான் சொல்றது சரியா இல்லியா?"

சரிதா கையில் மடித்த சீட்டு இருந்தது. உண்மை எழுதிய சீட்டு, பட்டம் போட்ட சீட்டு. அவள் வாயைத் திறந்தாள். தெய்வநாயகி ஒன்றும் ஜாடை காட்டவில்லை. அறுந்த இழையின் இரண்டு முனைகளையும் விரலில் பிடித்தபடி சும்மா நின்றாள். நாலு தறியின் சத்தத்துக்கு நடுவில் அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டாள். பிறகு ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

தீர்த்தகிரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அன்றைய தாளில் நாற்பத்தெட்டை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினார். அடுத்த தாளில் இரண்டு. "பொடி இருக்குதா?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க" என்றாள் தெய்வநாயகி.

சாலம்மாள் இருமினாள். "சுக்கும் இருக்குது" என்று தன் தறியிடம் சொன்னாள்.

வாசலில் ஸ்கூட்டியை எடுக்கும்போது சரிதா அந்தச் சீட்டைக் கசக்கப் போனாள். தெய்வநாயகி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். "கொடு. டாக்டரப் பாக்கப் போறப்ப எடுத்துட்டுப் போறேன்."

"அதுக்கு நர்சம்மா சீட்டே போதுங்க்கா. இது எதுக்கும் ஆகல."

"எனக்கு யாரும் இப்படி எழுதுனதில்ல" என்றாள் தெய்வநாயகி. அன்று இரவு மாத்திரை அட்டையையும் சீட்டையும் கொத்தமல்லி டப்பாவில் போட்டு மூடினாள்.

அதற்கு முன், அந்த மத்தியானம், முதல் மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, ஒன்றாம் நாளின் கருப்பட்டித் தண்ணீரையும் குடித்துவிட்டு, அவள் இடது பக்கமாகப் படுத்தாள். அசதி இருந்த இடத்தில்தான் இருந்தது. எட்டு புள்ளி நாலு என்று அதற்கு ஒரு பெயர் மட்டும் வந்திருந்தது. தறிகளின் சத்தத்தில் மூன்றாவது தறி மட்டும் ஒரு நொடி நின்று திரும்ப ஓடியது. தீர்த்தகிரி தார் மாற்றிவிட்டார். இப்போதெல்லாம் அவர் தடுமாறுவதில்லை.

இன்று வியாழன், ஒன்று. அடுத்த புதன், ஏழு. அவள் விரல்விட்டு எண்ணினாள். ஒரு மாதம் மாத்திரை போட்டுவிட்டு மறுபடியும் ரத்தம் பார்க்க வரச் சொல்லியிருந்தாள் நர்சம்மா. புதன்கிழமை மட்டுந்தான் வருவாள், மத்தியானம்தான் வருவாள். பதினாலு, இருபத்தொன்று, இருபத்தெட்டு, முப்பத்தைந்து. ஆறாவது புதன் நாற்பத்திரண்டாம் நாளில் வந்தது, பத்தியம் முடிவதற்கு முந்தின கடைசிப் புதன். அன்றைக்குப் படுக்காமல் அங்கன்வாடிக்கு நடந்தால் போதும் என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டாள்.